நோர்வே நேரத்துக்கு ஓடும் மெசின்

ஜனவரி 19, திங்கள்

காலையில் கடும் பனி. வேலி தெரியவில்லை. 8.30க்கு வருவதாகச் சொன்ன ரஞ்சன் ஓமந்தையிலிருந்து வந்து சேர்ந்தது 9.40. எழுபது நிமிடம் பிந்தல். டிப்போவில் என்றால் சிவப்பு மையால் குறித்திருப்பேன். முப்பத்தொரு வருடம் பஸ் வந்ததையும் போனதையும் எழுதிய ரைம் கீப்பர். ஓய்வு பெற்றும் கை நிற்கவில்லை.

இன்றைய வேலை: போன கிழமை சுவரில் பூட்டிய மெசினை இன்டர்நெட்டோடு இணைப்பது. மகள் றோஜியின் ஏற்பாடு. அவள் இருக்கும் நோர்வேயில் எல்லார் வீட்டிலும் இதுதானாம். பெயர் ஹீட் பம்ப். குளிரும் தரும், சூடும் தரும். கிளிநொச்சிக்குச் சூடு! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை.

போன சித்திரை வெயிலில் கிணற்றடியில் நான் மயங்கி விழுந்தேன். அன்றிலிருந்து அவளுக்குப் பயம். அறை எத்தனை பாகை, அப்பா மெசினைப் போட்டாரா, எல்லாவற்றையும் அங்கிருந்து பார்க்க வேண்டுமாம்.

றோஜியின் கடவுச்சொல்லை இந்தக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து வாசித்துக் கொடுத்தேன். ரஞ்சன் போனைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "ஐயா, புது வீடு ஒண்டு திறக்கட்டோ, இல்லாட்டி இருக்கிற வீட்டோட சேர்க்கட்டோ எண்டு கேக்குது."

"என்ன புது வீடு? இருக்கிறது ஒரு வீடுதான், தம்பி. அதோட சேருங்கோ."

உண்மைதானே. இந்த வீடு றோஜியின் பேரில் இருக்கிறது. சீதனமாக எழுதியது. கலியாணம் நிலைக்கவில்லை, வீடு நிற்கிறது. நான் அதில் குடியிருக்கிறவன்.

இரவு 9.00, றோஜி (இனிச் சுருக்கி றோ.) கோல் எடுத்தாள். வழக்கமான நேரம், அங்கே பின்னேரம் நாலரை, வேலையால் வந்ததும் எடுப்பாள். படம் போடவில்லை, குரல் மட்டும். "என்ன சாப்பாடு அப்பா?" சோறும் மூன்று கறியும் என்றேன். (பாண், சம்பல்.)

ஜனவரி 20, செவ்வாய்

8.34, இரவு. மெசினின் சுவிட்சை இன்று பின்னேரம்தான் போட்டேன். செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீக் என்று ஒரு சத்தம். மெசின் தானாகத் தட்டைத் திறந்து ஊதத் தொடங்கியது. குளிர் இல்லை, சூடு. நெல் அவிக்கும் பானையைத் திறந்தது போல முகத்தில் அடித்தது.

ரிமோட்டால் நிறுத்தினேன். ரஞ்சனுக்குக் கோல். அவர் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.

"ஐயா, பிழை என்னிலதான். அது மகளின்ர வீட்டுக்குள்ள போய்ச் சேந்திட்டுது. அவ அங்க சூட்டைப் போட, உங்கட மெசினும் பத்துது. நாளையிண்டைக்கு வந்து பிரிச்சு விடுறன்."

றோ.விடம் சொல்லவில்லை. அவள் வேலையால் களைத்து வந்திருப்பாள்.

ஜனவரி 22, வியாழன்

ரஞ்சன் 10.15க்கு வந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் விளக்கியது, மறக்காமல் இருக்க:

- றோ. எழும்பிப் போனில் அமத்தினால் இங்கே கீக், சூடு.
- அரை மணித்தியாலத்தால் சூடு நிற்கும். பச்சை லைட் மட்டும் எரியும்.
- அவள் கதவைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டால் (அங்கே பூட்டும் இதே இணைப்பில்தானாம்) இன்னொரு கீக். தட்டு மூடும், லைட் அணையும்.
- திரும்பி வந்து கதவைத் திறந்தால் மறுபடி சூடு.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, 10.31, கீக். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். தட்டு மெல்லத் திறந்தது.

"எழும்பீட்டா," என்றார் ரஞ்சன்.

எனக்கு என்ன நடந்ததோ தெரியாது. பதினொரு வருடமாக அந்தப் பிள்ளை எத்தனை மணிக்குக் கண் விழிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இங்கே இருந்தபோது எழுப்பிவிட்டவன் நான். முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் வெக்கையில் அவள் நித்திரை கொள்ளும் மட்டும் கொப்பி மட்டையால் விசிறியவன்.

"பிரிக்க வேண்டாம், தம்பி."

"மாசி, பங்குனி வரட்டும் ஐயா. அவிஞ்சு போவியள்."

"அப்ப பாப்பம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு ஸ்குரூ டிரைவரைப் போட்டு ஆயுதப் பையை மூடினார். கறிவேப்பிலை கேட்டார், ஒரு பிடி ஒடித்துக் கொடுத்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

எழும்பியது 10.29. புறப்பட்டது 12.02. வந்தது 8.33.

கணக்குப் பிசகவில்லை. என் பிள்ளைதான்.

ரஞ்சனுக்குச் சொல்ல வேண்டும். குரங்கு மெசினின் வெளிப்பெட்டியில் ஏறி இருக்கிறது, கல்லெடுத்தும் அசையவில்லை.

ஜனவரி 24, சனி

லீவு நாள், கணக்கில்லை. 2.10க்குப் போய் 4.45க்கு வந்தாள். கடைக்குப் போயிருப்பாள்.

பால் கொண்டுவந்த பக்கத்து வளவுத் தவமணி சூட்டுக் காற்றில் நான் இருப்பதைக் கண்டுவிட்டாள். "ஐயாவுக்கு விசரோ? வெளியில வெயில், உள்ளுக்கு அடுப்போ?"

மூட்டு வலிக்கு நல்லது என்றேன். அவளுடைய மாமியாருக்கும் மூட்டு வலியாம், நாளைக்குக் கூட்டிக்கொண்டு வரட்டோ என்று கேட்டாள். பொய் சொன்னால் இப்படித்தான்.

ஜனவரி 27, செவ்வாய்

10.52. 12.31. 8.40.

அரை மணித்தியாலம் பிந்திப் போயிருக்கிறாள். வழியில் சறுக்கும் பனி என்றாளே, அதுவாக இருக்கும். அங்கே வயோதிபர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை. காலை பத்து மணி வரைக்கும் இருட்டாம்.

ஜனவரி 28, புதன்

எழும்பியது 11.40. புறப்பட்டது: இல்லை.

பச்சை லைட் பகல் முழுக்க எரிந்தது. 8.30க்குக் கீக் இல்லை.

9.00க்குக் கோல். "இப்பதான் அப்பா வேலையால வந்தனான். நல்ல களைப்பு."

"அப்பிடியோ. சாப்பிட்டு வெள்ளெனப் படு, பிள்ளை," என்றேன்.

வெளியே போகாதவள் எங்கிருந்து வந்தாள்?

ஜனவரி 29, வியாழன்

12.15க்கு எழும்பினாள். புறப்பாடு இல்லை. கோலில்: "இண்டைக்குக் குசினியில ஒரே வேலை அப்பா."

கதவுப் பூட்டு பழுதோ என்று ரஞ்சனைக் கேட்டேன். பூட்டு பழுதென்றால் காலையில் எழும்புவதும் பிந்துமோ ஐயா என்று திருப்பிக் கேட்டார். சரிதான்.

ஜனவரி 30, வெள்ளி

எழும்பியது 12.50. புறப்பாடு இல்லை.

ரவுணுக்குப் போய் மாத்திரை எடுக்க இருந்தேன். போகவில்லை. நான் போன நேரம் அவள் வெளிக்கிட்டால் யார் குறிப்பது?

எழுதியபிறகுதான் யோசிக்கிறேன். நானும் வெளிக்கிடவில்லை.

பெப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

கோயில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கே. தவமணியின் மனிசன் புதுநெல் அரிசி ஒரு சுண்டு கொண்டுவந்தார், புதிர் எடுத்ததாம். "தனிய இருக்கிற ஆள், ஒரு பிடி எண்டாலும் பொங்கிச் சாப்பிடுங்கோ."

பொங்கினேன். தண்ணீர் கூடிக் கஞ்சியாகிவிட்டது. என் மனிசி பரமேஸ் இருந்திருந்தால் இரண்டு நாள் சொல்லிச் சிரித்திருப்பாள். அவளுடைய படத்துக்கு முன்னால் கொஞ்சம் வைத்துவிட்டு மெசினுக்குக் கீழே கதிரையில் இருந்து சாப்பிட்டேன். அந்த நேரம் 1.35, கீக். சூடு. சேர்ந்து சாப்பிட்டது மாதிரி இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

றோ.வுக்குச் சொன்னேன்: "புதிர் எடுத்தாச்சு. நல்ல பொங்கல்."

"எனக்கும் இஞ்ச ஆக்கள் வந்திருந்தவை அப்பா, நல்ல சமையல்," என்றாள்.

நேற்றும் இன்றும் கதவு திறக்கவே இல்லை.

பெப்ரவரி 3, செவ்வாய்

1.50க்கு எழும்பினாள். ஏழு நாள் புறப்பாடு இல்லை.

கேட்டால் என்ன? எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். மெசின் கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால் பிரித்துவிடுவாள். பிரித்தால் இந்த வீட்டில் அவளின் அசுமாத்தமே, ஒரு சத்தம்கூட, இருக்காது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்ததாகிவிடும்.

கேட்காவிட்டால், அங்கே ஒரு அறைக்குள் பிள்ளை தனிய.

நான் சுயநலக்காரன். எழுதி வைக்கிறேன்.

பெப்ரவரி 4, புதன்

12.00. இல்லை.
1.00. இல்லை.
2.00. இல்லை.

கரண்ட் இருக்கிறது. வைஃபை பெட்டியில் மூன்று லைட்டும் எரிகிறது. ரிமோட்டை அமத்திப் பார்த்தேன், மெசின் வேலை செய்கிறது.

2.20க்குக் கோல் எடுத்தேன். எடுக்கவில்லை. 2.35. எடுக்கவில்லை. ஒரு பஸ் காட்டு றோட்டில் வராமல் போனால் எதிரில் வந்த பஸ்காரரைக் கேட்கலாம். இங்கே யாரைக் கேட்பது? அவளுடைய கூட்டாளி ஒருத்தியின் நம்பர்கூட என்னிடம் இல்லை. பதினொரு வருடம் தினமும் கதைக்கிறோம், ஒரு நம்பர் இல்லை.

தவமணி பால் போத்தலை வைத்துவிட்டு, "முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

3.48. கீக்.

சூட்டுக்குள் நின்று அழுதேன். நல்லகாலம் ஒருவரும் காணவில்லை.

இனி ஒளிக்கேலாது.

பெப்ரவரி 5, வியாழன்

நேற்று 9.00க்குக் கதைத்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

"இப்பதான் வேலையால..." என்று தொடங்கினாள். நான் மறித்தேன்.

"பிள்ளை, நான் உனக்கொரு பொய் சொல்லிக்கொண்டு வாறன். மூண்டு கறி எண்டு சொல்லுற நாளெல்லாம் பாணும் சம்பலும்தான். புதிர்ப் பொங்கலும் கஞ்சியாப் போச்சு."

அவள் சிரித்தாள். பிறகு மெசின் கதையைச் சொன்னேன். வீடு ஒன்றுதான் என்று நான் சொன்னது, சேர்த்தது, சூடு, கீக், நேரம், எல்லாம். கொப்பியைப் பார்த்து வாசித்தேன். இருபத்தெட்டாம் திகதி, எழும்பியது 11.40, புறப்பாடு இல்லை. இருபத்தொன்பது, புறப்பாடு இல்லை. முப்பது...

"அப்பா, காணும், நிப்பாட்டுங்கோ."

கோல் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"டொக்டர் லீவு தந்திருக்கிறார் அப்பா. காய்ச்சல் இல்லை. ஒண்டுமில்லை. எழும்பேலாமல் கிடக்கு. குளிச்சு, உடுத்து, கதவு மட்டும் போறன். சப்பாத்தைப் போடக் குனிஞ்சா அழுகை வருது. திரும்பிப் போய்ப் படுக்கிறன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் தனிய இருக்கிறியள். உங்களிட்ட என்னத்தைச் சொல்ல?"

இதையே சொல்லித்தானே நானும் மூன்று கறி வைத்தேன்.

கடைசியில் படத்தைப் போட்டாள். மெலிந்துவிட்டாள். தலை வாரி இழுக்கவில்லை. எனக்குத் தெரிந்த தொழிலைத்தான் சொன்னேன்.

"வேலைக்குப் போக வேண்டாம். டொக்டர் சொன்ன மாதிரி இரு. ஒரு நாளைக்கு ஒருக்கா மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டு கீழ இறங்கிப் போட்டு வா. எத்தினை மணிக்கு எண்டாலும் பரவாயில்லை. நான் இஞ்ச இருந்து நேரம் குறிப்பன்."

"பிந்தினாச் சிவப்பு மையோ?"

"இல்லை. வந்தாக் காணும்."

பிறகு கேட்டாள்: "அப்பா, உங்களுக்குச் சூடு அடிக்குதெல்லே. மெசினைப் பிரிச்சு விடட்டோ?"

வேண்டாம் என்றேன்.

பெப்ரவரி 6, வெள்ளி

12.40 எழும்பினாள். புறப்பாடு இல்லை.

மத்தியானம் சோறு, பருப்பு, கத்தரிக்காய். உண்மையாக. படம் எடுத்து அனுப்பினேன். "கத்தரிக்காய் கருகிக் கிடக்கு" என்று பதில் வந்தது.

பெப்ரவரி 7, சனி

12.20. புறப்பாடு இல்லை. "கதவு மட்டும் போனனான் அப்பா" என்று எழுதியிருந்தாள். கூட்டாளி ஒருத்தியின் நம்பரும் அனுப்பியிருக்கிறாள். கொப்பியின் பின்பக்கத்தில் குறித்தேன்.

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. பக்கத்து வயலில் வெட்டு மெசின், வீடெல்லாம் தூசி. மாத்திரை முடிந்து மூன்று நாள்.

பெப்ரவரி 8, ஞாயிறு

11.55. புறப்பாடு இல்லை. ஒரு சப்பாத்துப் போட்டாளாம். மற்றது போடவில்லையாம்.

நானும் சைக்கிளை எடுத்துப் படலை மட்டும் போய்த் திரும்பினேன். அதையும் அவளுக்குச் சொன்னேன். "நீங்களுமோ அப்பா?" என்றாள். நாளைக்கு நான் மாத்திரை எடுக்கப் போவதென்றும், அதற்கு முன்னம் அவள் இறங்க வேண்டுமென்றும் பேச்சு. அவள் இறங்கும் மட்டும் நான் போகமாட்டேன் என்றேன். இது வெருட்டல் என்றாள். ஓம், வெருட்டல்தான்.

பெப்ரவரி 9, திங்கள்

பனி இல்லை. காலையிலேயே வெக்கை.

11.20. கீக். சூடு.
11.50. சூடு நின்றது. பச்சை லைட்.
சேட்டு, செருப்பு, டொக்டர் எழுதிய மாத்திரைத் துண்டு, எல்லாம் ஆயத்தம். கதிரையில் இருக்கிறேன்.
12.30. லைட் எரிகிறது.
தவமணி வந்தாள். "ரவுணுக்குப் போகேல்லையோ?" கொஞ்சம் பொறுத்துப் போவன் என்றேன்.
1.00. லைட் எரிகிறது.
1.17. கீக். தட்டு மூடியது. லைட் அணைந்தது.

புறப்பட்டாள்.

பேனையை வைக்கவில்லை.

1.29. கீக். சூடு.

வரவு. வெளியே நின்றது பன்னிரண்டு நிமிடம். சூட்டில் வியர்த்துச் சேட்டு நனைந்துவிட்டது. வேறு சேட்டு மாற்றிக்கொண்டு போக வேண்டும்.