ஒரு சாண் விட்டு வெட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் போன் தண்ணீர் டிரம்மில் விழுந்து செத்ததிலிருந்து உங்களோடு பேச வழியில்லை. இங்கே முகாமிலும் சிக்னல் கிடையாது. வாரம் ஒருமுறை சாமான் வாங்கப் போகும் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைக்காரர் மாமா உங்களிடம் சேர்த்துவிடுவார். அவர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார், அது வேறு விஷயம்.

நான் நன்றாக இருக்கிறேன். நீலச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். பூட்ஸ் பெரிது, துணி திணித்துப் போட்டுக்கொள்கிறேன். குழுவில் எல்லோருக்கும் ஏறக்குறைய என் வயசுதான். தலைவி அக்கா மட்டும் கொஞ்சம் பெரியவர். சாயங்காலம் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும். என் முறை வந்தால் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருப்பேன். நெட்டை என்று ஒருத்தன், "இவளுக்கு வாய் இருக்கா, இல்ல ஆதார் கார்டோட அதையும் ஆபீஸ்ல வாங்கி வச்சுக்கிட்டாங்களா?" என்றான். நீங்கள் என்னை வாயாடி என்று கூப்பிடுவது தெரிந்தால் இன்னும் சிரிப்பார்கள்.

இந்த இடமெல்லாம் முன்பு புல்வெளியாம். தரையில் முட்டையிடும் பறவைகள் இருந்தனவாம். நாம் கரிக்கு வெட்டும் இதே முள்மரம் பரவி எல்லாம் போய்விட்டது. மரத்தை எடுத்துவிட்டுப் புல் விதைக்கிறோம். வெட்டினால் மட்டும் திரும்பத் துளிர்க்கும் என்பதால் மண்ணைத் தோண்டி, அடிக்கட்டைக்கும் கீழே வேரை வெட்ட வேண்டும். முதல் நாள் என் கை தானாக மேலே போய்விட்டது. "ஒரு சாண் விட்டு வெட்டுடி! அடியைத் தொட்டா மரம் செத்துடும். அடுத்த வருஷம் கரி மூட்டத்துக்குள்ளே உன்னையா வைக்கிறது?" என்று நீங்கள் கத்துவது காதில் கேட்டது. இங்கே அடியைத் தொடுவதுதான் வேலை.

இருமல் எப்படி இருக்கிறது? விறகு அடுக்கிய மூட்டத்துக்குக் காற்றுப் புகாமல் மண் பூச யார் வருகிறார்கள்?

உங்கள் வாயாடி

*

பிப்ரவரி 16

என் வாயாடிக்கு,

கடைக்காரன் படிச்சு முடிச்சு, "நல்லா எழுதியிருக்கா"ன்னு சொல்லிட்டுத்தான் கையிலே தந்தான். எட்டாவது வரைக்கும் படிச்ச கை எழுதினது. அதுக்கு மேலே படிக்க விடாத கை பதில் எழுதுது.

இருமல் இருக்கு, நானும் இருக்கேன். மண் பூச ஒருத்தனை வச்சேன். முகத்துக்குப் பவுடர் போடுற மாதிரி பூசுறான். காத்து உள்ளே புகுந்து பாதி மூட்டம் சாம்பலாப் போச்சு. நீ பூசினா ஒரு ஓட்டை இருக்காது. வீட்டுக்குப் பின்னாலே மரம் இந்த வருஷம் நல்லா அடர்ந்திருக்கு. அதனாலே கவலையில்லை.

எல்லா மரத்தையும் பிடுங்கிட்டா என்னை மாதிரி கரிக்காரன் எங்கேடி போவான்? சும்மா கேட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

*

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் விதைத்த புல்லுக்குள் இரண்டு முட்டை பார்த்தேன், கூழாங்கல் மாதிரி. நெட்டை அதன்மேல் மிதிக்கப் போனான். "நில்லு!" என்று கத்திவிட்டேன். ஒற்றைக் காலைத் தூக்கியபடி கொக்கு மாதிரி நின்றான். அன்றைக்கு வட்டத்தில் நானே பேசினேன். நீங்கள் என்னைக் கூப்பிடும் பேரையும் சொல்லிவிட்டேன். இப்போது எல்லோருக்கும் நான் வாயாடிதான்.

அடுத்தது எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஏப்ரலில் வேலை செய்யப்போகும் இடத்தின் வரைபடத்தை மாட்டினார்கள். ஓடை வளைவதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நம் வீட்டுக்குப் பின்னால்தான். "யாருக்காவது இந்த இடம் தெரியுமா?" என்று அக்கா கேட்டார். கை தூக்கினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வண்டி போகிற பாதை, கிணறு எல்லாம் சொன்னேன். படுத்த பிறகுதான் நம் மூட்டம் நினைவுக்கு வந்தது.

காலையில் போய், வீட்டை ஒட்டி மட்டும் விட்டுவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஒரு மரம் நின்னாலும் ஆடு காயைத் தின்னுட்டுப் போற இடமெல்லாம் விதைச்சிடும்மா. நான் முடிவு பண்ற விஷயமும் இல்லை இது" என்றார்.

நான் வராவிட்டாலும் மற்றவர்கள் வருவார்கள். ஆனால் என் கையால் நடக்காது. பாதியில் போனால் திரும்பச் சேர்க்கமாட்டார்கள், பரவாயில்லை. "வராதே" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு உங்களிடம் வந்துவிடுகிறேன்.

வாயாடி

*

மார்ச் 24

வாயாடி,

கடைக்காரன் இந்தத் தடவை கடுதாசியோட ஒரு இருமல் மிட்டாயும் வச்சுக் கொடுத்தான், காசு கேக்கலை.

அந்த நிலம் என்னைக்கும் நம்மது இல்லை. மரம் தானா வந்தது, நான் தானா வெட்டினேன். யார் மேலேயும் தப்பில்லை.

உன்னைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தின அன்னைக்கு நீ ஒரு வார்த்தை பேசலை. பையைக் கொண்டுபோய் ஆணியிலே மாட்டிட்டு மண் குழைக்க உட்கார்ந்தே. அந்தப் பை இன்னும் அங்கேதான் தொங்குது. இப்போ சட்டையையும் கழட்டி அது பக்கத்திலே மாட்டப் போறியா?

எல்லாரோடும் வா. நீ கத்தினியாமே, அதை நான் கேட்டதே இல்லை.

மூட்டத்தைப் பத்தி நினைக்காதே. கடைசியா வச்சது நல்லா வெந்தது. நானேதான் பூசினேன்.

அப்பா

*

ஏப்ரல் 12

அப்பா,

வந்துவிட்டேன். நீங்கள் இல்லை.

சாவியைக் கடைக்காரர் மாமா தந்தார். "லாரியிலே ஏறினார்மா. எங்கேன்னு கேட்டேன், இருமினார்" என்றார். வீட்டைப் பெருக்கி வைத்திருக்கிறீர்கள். ஆணியில் பை இல்லை.

வீட்டுக்குப் பின்னால் போன நெட்டை ஓடி வந்தான். "நமக்கு முன்னாடியே யாரோ வேலையை முடிச்சிருக்காங்க!" வீட்டிலிருந்து ஓடை வரைக்கும் ஒரு மரம் இல்லை. குழி குழியாகத் தோண்டி, எல்லாவற்றையும் அடிக்குக் கீழே வெட்டியிருக்கிறீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா ஒரு குழிக்குள் கையை விட்டுப் பார்த்து, "யாரு இவ்வளவு சுத்தமா வெட்டினது?" என்றார்.

"எங்க அப்பா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கை தட்டல் நின்றுவிட்டது.

இந்த இருமலோடு எத்தனை குழி தோண்டினீர்கள்? என் கையால் நடக்கக்கூடாது என்றுதானே எழுதினேன்? உங்கள் கையால் நடக்கட்டும் என்றா எழுதினேன்?

இன்று விதை தூவினோம். மூட்டம் போட்ட இடம் மட்டும் வட்டமாகக் கருப்பாக இருக்கிறது. வெந்த மண்ணில் இப்போதைக்குப் புல் வராது, விட்டுவிடுங்கள் என்றார் அக்கா. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் அதற்குள் போய் நின்றேன். பூட்ஸ் கருப்பாகிவிட்டது. துடைக்கவில்லை.

இதைக் கடையில் கொடுத்து வைக்கிறேன். "கவரை ஒட்டியே கொடும்மா" என்று மாமா சொல்லிவிட்டார். நாளைக் காலையில் எங்கள் வண்டி கிளம்புகிறது. சாவியும் அவரிடம்தான் இருக்கும்.

"வராதே" என்று எழுதியிருக்கலாமே அப்பா. உடனே வந்திருப்பேன்.

வாயாடி