பதினேழாம் கட்டில்

ஜூலை 18, வெள்ளி.

டாக்டர் படிப்புக்கான சீட்டுகளைக் கூட்டித் தரச் சொல்லி எங்கள் மருத்துவக் கல்லூரி கேட்டிருந்தது. அதற்கு இன்று இன்ஸ்பெக்‌ஷன். ஆண்கள் வார்டில் பாதிக் கட்டில் காலி. வடக்குப்பட்டுக்கு பஸ் அனுப்பி ஆட்களைக் கூட்டி வந்து படுக்க வைத்தார்கள். ஆளுக்கொரு நோயைக் கேஸ் ஷீட்டில் எழுதியது நான்தான்.

பதினேழாம் கட்டில்காரர் கம்பெனி செக்யூரிட்டி. நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். "எனக்கு இன்னா நோவு சிஸ்டர்?" என்று சிரித்தார்.

"நெஞ்சு வலி. ஆபீசருங்க வந்தா மாரைப் புடிச்சிக்கோங்க."

நன்றாகவே பிடித்துக்கொண்டார்.

நாலு மணிக்கு அதிகாரிகள் கிளம்பினார்கள். இன்றைக்கு மட்டும் வரவழைத்த டாக்டர்களும் கார் ஏறிவிட்டார்கள். இவர் எழவில்லை. "சிஸ்டர், நெசமாவே வலிக்கிது."

"அவங்க போயிட்டாங்கண்ணா, போதும், எழுந்திரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலில் விரிப்பை உருவப் போனேன். திரும்பினால் சட்டையெல்லாம் வேர்வை. மாடி மாடியாக ஓடினேன். ஒரு டாக்டர்கூட இல்லை. ஆம்புலன்ஸ் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

சீட்டு கிடைத்துவிடும் என்கிறார்கள்.

அவருடைய கேஸ் ஷீட்டைக் கிழித்துப்போடத்தான் எடுத்து வந்தேன். பெயர், வயது, நெஞ்சு வலி. அதில் இப்போது பொய் எதுவுமே இல்லை.