கண்ணாடி துடைத்த தாள்

அன்புள்ள மகனுக்கு,

நான் முதியோர் எழுத்தறிவு வகுப்பிற்குச் செல்கின்றேன். உணவு மூடி வைக்கப்பட்டுள்ளது. பிக்கப் வண்டிக்கு நீ கேட்ட பிரேக் குழாய் வந்துவிட்டது. கருவிப்பெட்டியின் மேல் உள்ளது. ஓட்டுநர் இருக்கையை மட்டும் நகர்த்தாதே. அது உன் தந்தையின் கால் அளவில் நிற்கின்றது. நான் வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் பிரேக் மிதி தானாகத் தாழ்வதுபோல் தோன்றுகின்றது.

நேற்று நீ, "பிரேக்கக் கழட்டுனப்ப வண்டிய எடுக்காதீங்கப்பான்னு சீட்டு எழுதி வெச்சேனா இல்லையான்னே தெரியலம்மா, மூணு வருஷமா மண்டைய குடையுது" என்றாய். நான் சினந்து எழுந்து சென்றேன். அச்சினம் உன்மீது அன்று.

நீ வைத்தாய், மகனே. இருக்கையின்மீது எழுதிய தாள் ஒன்று கிடந்தது. எழுத்தறியாத நான் அதனைக் கசக்கி, முன்கண்ணாடியைத் துடைத்து எறிந்தேன். பிறகு அவர் வண்டியை எடுத்தார். மேட்டுச் சாலையிலிருந்து இறங்கியவர் வீடு திரும்பவில்லை.

இதனை உனக்கு எழுதவே நான் எழுத்துக் கற்றேன்.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: சாவி அலமாரியின் மேல்தட்டில் உள்ளது.

மற்றொன்று: இருக்கையை முன்னே நகர்த்திக்கொள். உன் கால் பிரேக்கிற்கு நன்றாக எட்ட வேண்டும்.