கடலோடி கமலி, இதழ் நாற்பத்திரண்டு

05.02.2007

நாற்பத்திரண்டாம் இதழ் இன்று காலை பழைய காமிக்ஸ் விற்கும் இணையத் தளத்தில் வந்தது. மத்தியானத்துக்குள் போய்விட்டது.

நான் வேலைக்கு நிற்கிற கொமினிகேசன் கடையின் கம்பியூட்டரில் படத்தைத் திறந்தேன். அட்டை மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. சிவப்பு வானம், 'கடலோடி கமலி' என்ற எழுத்து, ஒரு புகைக்கூண்டின் நுனி. அதோடு கரண்ட் நின்றது. கடை முதலாளி நானா ஜெனரேற்றரை இழுத்து இழுத்துப் பார்த்தார், அது இருமிவிட்டுப் படுத்துவிட்டது. கரண்ட் திரும்பி வந்தபோது படத்துக்குக் கீழே 'விற்பனையானது' என்று கிடந்தது.

நானாவின் மகள் ஜெஸீமாவுக்குச் சிரிப்பு. "நீ பிறக்கமுந்தியே கப்பலுக்குள்ள மாட்டினவள்டி அவள். இன்னும் ரெண்டு கிழமை இருந்தா மூச்சு நிண்டுருமோ?"

நிற்காது. ஆனால் எனக்கு நிற்கும்போல இருக்கிறது. சந்தையில் பழைய கடதாசிக் கட்டு ஒன்றுக்குள் நாற்பத்தோராம் இதழ் எனக்குக் கிடைத்து இரண்டு வருசம். அதன் கடைசிப் பக்கத்தில், மூழ்கிய கப்பலின் இரும்புக் கதவு கமலியின் பின்னால் சாத்திக்கொள்கிறது. சுவாசக் குழாய் இடுக்கில் நசிகிறது. 'தொடரும்.'

எங்கே தொடர்வது? சென்னையில் அதைப் போட்ட கம்பனியே மூடிவிட்டது.

06.02.2007

சென்னையில் இருக்கும் இந்தத் தளம் நடக்கும் விதத்தை இன்று முழுதாக வாசித்தேன். புத்தகங்கள் தளத்துடையவை அல்ல. வீட்டில் பழைய காமிக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒப்படைக்கிறார்கள். தளம் படம் போட்டு, நிலை எழுதி, விற்று, தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. வாங்குபவருக்கு ஒப்படைத்தவரைத் தெரியாது. ஒப்படைத்தவருக்கு வாங்குபவரைத் தெரியாது.

யாரோடும் கதைக்கத் தேவையில்லை. எனக்காகவே செய்த கடை.

கொமினிகேசனில் போன் அடித்தால் நான் ஜெஸீமாவிடம் நீட்டிவிடுவேன். கதைக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் அப்படி இல்லை. எழுத்தில் எனக்கு யாரிடமும் பயமில்லை. பள்ளிக்கூடத்தை முகாமாக்கியபோது பத்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் பயமில்லை.

கமலியும் அப்படித்தான். அவளுடைய படப் பெட்டிகளில் பேச்சுக் குமிழியே குறைவு.

03.03.2007

மறுபடியும் நாற்பத்திரண்டு! நிலை: நல்லது. இந்த முறை பக்கம் முழுதாய் இறங்கும்வரை காத்திருக்கவில்லை, பெயரைக் கண்டதும் 'வாங்கு' என்பதை அமத்திவிட்டேன். பிறந்தநாளுக்கு என்ன வேணும் என்று ரொறன்ரோவில் இருந்து சித்தி கேட்டுக்கொண்டே இருந்தா. அவவின் கார்ட்டால் வாங்கியாயிற்று.

"சங்கிலி கேட்பாய் எண்டு நினைச்சன். இது என்னடி, சின்னப்பிள்ளைப் புத்தகம்?" என்றா.

சங்கிலியைப் போட்டுக்கொண்டு எத்தனை சோதனைச் சாவடி தாண்டுவது?

11.04.2007

அட்டை இல்லை.

கடைசி எட்டுப் பக்கமும் இல்லை.

ஒரு பழைய மெல்லிய கட்டு, அவ்வளவுதான் வந்தது. தளத்தில் இருந்த படம்? திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூலையில் எறும்பு மாதிரி ஒரு வரி: 'படம் மாதிரிக்கு மட்டும்.' நல்ல நிலையாம்! என்னத்த நல்ல நிலை? தலையும் இல்லாம வாலும் இல்லாம, அறுத்து வச்ச மீனுக்கு நடுத்துண்டு மாதிரி. ஒரு மாசம் பாத்திருந்தனான். ஒவ்வொரு நாளும் தபால்காரரின்ர சைக்கிள் மணிக்கு எழும்பி எழும்பி...

சரி. இருந்ததை வாசித்தேன். கமலி குழாயை முடிச்சுப் போட்டு மிச்சக் காற்றைக் காப்பாற்றுகிறாள். இருட்டு. அப்போது சுவரின் மறுபக்கத்தில் யாரோ தட்டுகிறார்கள். டொக். டொக். கமலி திரும்பித் தட்டுகிறாள். மறுபக்கம் மறுமொழி சொல்கிறது. அதற்கு மேல் நூல்தான் தொங்குகிறது.

யார் தட்டுவது?

19.04.2007

தளம் பதில் போட்டிருக்கிறது. 'நாங்கள் ஒப்படைத்தவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்பவர்கள் மட்டுமே. நிலை பற்றிய விபரம் ஒப்படைத்தவர் தந்தது.'

அப்படியென்றால் ஒப்படைத்தவரைக் கேட்கிறேன், பெயரைத் தாருங்கள் என்று எழுதினேன். பெயர் தருவது விதியில் இல்லையாம்.

குற்றம் செய்தவர் ஒளிந்திருக்க, கதவில் நிற்பவர் எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். நடுவில் நிற்பவர் என்றால் நடுவில் நிற்கவேண்டும், ஒரு பக்கமாய் நின்றுகொண்டு நடு என்று சொல்லக்கூடாது. இதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

ஜெஸீமா தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, "கடைக்கு வாற ஆக்களிட்ட 'என்ன வேணும்' எண்டு கேக்க ஏலாது, சென்னைக்காரனுக்கு மட்டும் வெடி வைக்கிறாய்" என்றாள்.

"வெடி எண்டு சொல்லாதை, றோட்டில ஆமி நிக்குது" என்றார் நானா.

27.04.2007

வென்றேன். அடுத்த பிரதி வந்தால் எனக்கு இனாமாக அனுப்புவார்களாம்.

02.05.2007

வந்திருக்கிறது. வேறொருவர் ஒப்படைத்த பிரதி. உடனே ஓம் சொல்லவில்லை. உள்பக்கங்களைப் படம் எடுத்துக் காட்டுங்கள் என்றேன். அது வழக்கம் இல்லையாம். வழக்கத்தால்தான் போன முறை நடுத்துண்டு வந்தது என்று எழுதினேன்.

இன்னொன்றும் எழுதினேன்: கடைசி எட்டுப் பக்கத்தையும் காட்டும்போது, கதை தெரியாதபடி ஒரு கடதாசியால் மூடி, பக்க எண் மட்டும் தெரிய எடுக்கவும்.

09.05.2007

படங்கள் வந்தன. எல்லாப் பக்கமும் உண்டு. கடைசி எட்டுப் படங்களிலும் வெள்ளைக் கடதாசி, அதன்மேல் யாரோ ஒருவருடைய பெருவிரல், மூலையில் 25 முதல் 32 வரை.

"கலியாணப் பொம்பிளைக்கு முகத்தை மூடின மாதிரி மூடி அனுப்பியிருக்கிறான். பாவம் அந்த மனுசன்" என்றாள் ஜெஸீமா.

அட்டையையும் இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். துறைமுகம். நடுவில் ஒரு போர்க்கப்பல் இரண்டாய் முறிந்து நெருப்பு கக்குகிறது. கீழே தண்ணீருக்குள் கமலி. எவ்வளவு வடிவு! அனுப்பச் சொல்லிவிட்டேன்.

14.06.2007

தபால் கந்தோரில் இருந்து துண்டு. பொதி வந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்குத் தரமாட்டார்களாம். சொந்தக்காரர் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும்.

தபால்காரர் அப்பாவிடம் மெல்லச் சொன்னார்: "உடைச்சுப் பாத்திட்டாங்கள் அண்ணை. கப்பல் வெடிக்கிற படமாம். சீ.ஐ.டி வாறாராம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேவிக்காரன் நிறைந்த ஊருக்கு, கப்பல் முறிகிற படத்தை, சண்டை மூண்டிருக்கிற இந்த வருசத்தில், என் பெயரும் விலாசமும் போட்டு வரவழைத்திருக்கிறேன். உள்பக்கம் ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தேன். அட்டையை வடிவு என்று மட்டும் பார்த்தேன்.

15.06.2007

அப்பா சாப்பிடவில்லை. கடலுக்குப் போகவும் இல்லை. மீன்பிடிக்க நேவி தந்த பாஸ் இருந்தும் போகவில்லை.

"போகவேண்டாம். எனக்குத் தெரியாது, நான் கேக்கேல்லை எண்டு எழுதிக் குடுத்திடு. ஒரு கதைப் புத்தகத்துக்காகப் பதினேழு வயசுப் பெட்டையைக் கொண்டுபோய் அவங்களுக்கு முன்னால நிப்பாட்டவோ?"

"போகாட்டித்தான் தேடி வருவாங்கள் அப்பா."

இதைச் சொன்னது நான்தான். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

உண்மையில் என் யோசனை அது மட்டும் இல்லை. எனக்கு அந்த எட்டுப் பக்கமும் வேண்டும். இதை அப்பாவிடம் சொல்ல ஏலாது. இங்கே எழுதலாம்.

18.06.2007

இன்று தபால் கந்தோருக்குப் போனேன்.

சிங்களம் கதைக்க ஜெஸீமாவைக் கூட்டிப்போனேன். அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அப்பாவையும்தான். அப்பா வெளியே வேலியோடு, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

உள்ளே சிவில் உடுப்பில் ஒருவர். மேசையில் என்னுடைய நாற்பத்திரண்டு. அட்டையில் விரலை வைத்து, "மே மொகக்த?" என்றார். இது என்ன என்று.

நாக்கு ஒட்டிக்கொண்டது. கொமினிகேசனில் காதில் விழுந்த சிங்களம் முழுதும் எங்கேயோ ஓடிவிட்டது. கடைசியாக, "கதை, சேர்" என்று வந்தது.

"யார் கப்பலை உடைத்தது?"

"தெரியாது சேர். அது தெரியத்தான் வாங்கினனான்."

பக்கத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்த இரத்தினேஸ்வரி அக்கா இருமினா. சிரிப்பை அடக்கிய இருமல்.

அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். முதலாம் பக்கத்தில் இருந்து ஒரு குமிழி விடாமல் சிங்களத்தில் சொல்லவேண்டும். அவர் எழுதிக்கொள்வார்.

தொடங்கினேன். தெரியாத சொல்லுக்குக் கையால் காட்டினேன். சுவாசக் குழாய்க்கு என் தாவணியையே முடிச்சுப் போட்டுக் காட்டினேன். இருட்டுக்குக் கண்ணை மூடினேன். டொக் டொக் என்ற இடம் வந்தது. மேசையில் தட்டினேன்.

"ஈட்ட பஸ்ஸே?" என்றார். பிறகு?

பேனை நின்றிருந்தது.

பிறகு எனக்கும் தெரியாது. முதல்முறையாக அந்தப் பக்கங்களைத் திருப்பினேன். கமலி சுவரைத் தடவித் தடவிப் போகிறாள். அந்தக் கப்பலை உடைத்தது பகையாளி அல்ல, காப்புறுதிப் பணத்துக்காக அதன் முதலாளியே என்று அங்கே கிடந்த ஒரு பெட்டியில் இருந்து கண்டுபிடிக்கிறாள். அதைச் சொன்னபோது அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியது. என்னுடையதும். முத்திரை குத்துகிறவர்கள் குத்துவதை நிறுத்திவிட்டார்கள். சிங்களத் தபால்காரர் ஒருவர் பையோடு கதவில் நின்றார். கமலி சுவரில் ஒரு சிறிய மூடியைக் கண்டுபிடிக்கிறாள். திருகுகிறாள். மூடி திறக்கிறது. இரண்டு கண்கள்.

பக்கம் முப்பத்திரண்டு. அடியில்: 'தொடரும்.'

"ஈட்ட பஸ்ஸே?"

"இனி... அடுத்த புத்தகம் சேர்."

கந்தோர் முழுதும் 'சே' என்றது. நான் மூடிப் படம் கேட்ட கதை தெரிந்திருந்தால், இரத்தினேஸ்வரி அக்கா, "கேட்டாளே பாவி, மூடிப் படம் எடு எண்டு!" என்று கத்தியிருப்பா. எனக்குத் தெரியும். வெள்ளைக் கடதாசிக்குக் கீழே அந்தச் சொல் கிடந்திருக்கிறது. நான்தான் மூடச் சொன்னேன்.

சிவில் உடுப்புக்காரர் அட்டையை விரித்துப் பிடித்தார். பிறகு அதை நீளமாகக் கிழித்து எடுத்து மடித்துத் தன் கோப்பில் வைத்தார். மிச்சத்தைத் தந்தார். "இந்த மாதிரிப் படம் இனி வரக்கூடாது."

அட்டை கிழிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் வெளியே வந்து அப்பாவைக் கண்டபோதுதான் ஒன்று தெரிந்தது. அரை மணித்தியாலத்துக்கு மேல் அத்தனை பேருக்கு முன்னால் நான் கதைத்திருக்கிறேன்.

19.06.2007

போன் அடித்தது. எடுத்தேன். ஜெஸீமா கையை நீட்டியபடி அப்படியே நின்றாள்.

01.07.2007

நாற்பத்துமூன்று தளத்தில் இருக்கிறது. சித்தி மறுபடி கார்ட்டைத் தந்தா. இந்த முறை இப்படி எழுதினேன்: அட்டையின் படத்தை எனக்கு முதலில் காட்டவும். கடைசிப் பக்கத்தில் அடிவரியை மட்டும் காட்டவும், மேலே எல்லாம் மூடியிருக்கட்டும்.

அட்டையில் கமலி கரையில் நின்று தலை துவட்டுகிறாள். கப்பல் இல்லை. அடிவரி: 'முற்றும்.'

கீழே தளத்தின் உதவிப் பிரிவுக்காரர் தன் பாட்டில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'மூடும்போது நானும் முடிவைப் பார்க்கவில்லை. முதலில் இருந்து வாசிக்க என்னிடம் நாற்பத்தொன்று இல்லை.'

23.08.2007

பொதி வந்தது. இந்த முறை மேசையில் வேறு ஆள். உடைத்துப் பார்த்தார், கொட்டாவி விட்டார், கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்துவிட்டார். திரும்பி நடந்தேன்.

"எங்க போறாய்? இரு பிள்ளை" என்றா இரத்தினேஸ்வரி அக்கா. காலால் ஒரு கதிரையைத் தள்ளிவிட்டா. "ரெண்டு மாசமா அந்த ரெண்டு கண்ணும் என்ர கனவில வருது. ஆர் அது?"

"கப்டன்" என்றார் முத்திரை குத்துகிறவர். "பேய்" என்றார் சிங்களத் தபால்காரர்.

இருக்கவில்லை. நின்றுகொண்டே வாசித்தேன். ஒரு குமிழி தமிழில், அதே குமிழி என்னுடைய சிங்களத்தில். பிழை விட்ட இடங்களில் தபால்காரர் திருத்தினார்.

கண்கள் ஆமையுடையவை. பெரிய ஆமை. மறுபக்க அறைக்குள் சிக்கி, ஓட்டால் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. அது உள்ளே வந்த ஓட்டை எங்கேயோ இருக்கவேண்டும் என்று கமலிக்குப் புரிகிறது. வழியை மறைத்த பலகையை இழுத்து விடுகிறாள், ஆமை போகிறது, பின்னாலேயே இவளும் போகிறாள். வெளிச்சம். காற்று. முற்றும்.

கைதட்டியபோதுதான் கண்டேன். அப்பா. நான் வரச் சுணங்கிவிட்டது என்று பயந்து உள்ளே வந்திருக்கிறார். மடித்துக் கட்டிய சாரத்தைக்கூட இறக்கிவிடாமல் கதவடியில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். துறைமுக றோட்டில் திரும்பும்போது, "ஆமை அவ்வளவு நேரம் மூச்சடக்காது. எழுதினவன் கடலே காணாதவன்" என்றார்.

"கதைதானே அப்பா."

அப்பா சைக்கிளை மற்றக் கைக்கு மாற்றினார்.

"சரி, அவள் முதல்ல என்னத்துக்கு அந்தக் கப்பலுக்குள்ள போனவள்?"

நாற்பத்தோராம் இதழில் இருந்து தொடங்கினேன். வழியில் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையைக் காட்டினோம், பையைத் திறந்து காட்டினோம். அந்தப் பக்கம் போனதும் அப்பா கேட்டார்: "ம். சொல்லு."