கோப்புக்குள் ஒரு மசாசா மரம்

யூனியன்வில், ரொறன்ரோ
12 ஆவணி 2024

அன்புள்ள கஜீவனுக்கு,

நான் சுகம். நீங்களும் காய்ச்சல், தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும். தினமும் போனில் கதைக்கிற கணவருக்குக் கடிதம் எழுதச் சிரிப்பாக இருக்கிறது. என்ன செய்ய? கொழும்பில் கல்யாணம் முடிந்து ஒரு மாதம்தான் அங்கே சேர்ந்திருந்தோம், இது உண்மையான கல்யாணமா என்று சந்தேகப்பட்டுத்தானே, உங்களைக் கனடாவுக்குக் கூப்பிட நான் போட்ட ஸ்பொன்சரைக் குடிவரவு அதிகாரிகள் மறுத்தார்கள். "போனில கதைச்சதெல்லாம் சாட்சி இல்லை, தங்கச்சி. புருசனும் மனிசியும் கையால எழுதின கடிதம் ஃபைலில இருந்தால்தான் நம்புவினம்" என்கிறார் சட்டத்தரணி. நீங்கள் படிப்பிக்கிற பள்ளிக்கூடம், சாப்பாடு, எதையாவது எழுதுங்கள்.

அன்பு மனைவி,
பிரதீபா

மரொண்டெரா, சிம்பாப்வே
20 புரட்டாதி 2024

அன்பின் பிரதீபா,

கணக்குப் பாடம் முடித்துவிட்டு எழுதுகிறேன். ஆசிரியர் விடுதி வாசலில் நிற்கும் மசாசா மரம், மழைக்கு முன்பே துளிர்த்துவிட்டது. புது இலை பச்சையாக வருவதில்லை. முதலில் வைன் சிவப்பு, பிறகு செம்பு நிறம், அதன்பிறகுதான் பச்சை. பின்னாலிருக்கும் மலை முழுவதும் இந்த மரம்தான், வெயில் பட்டால் பற்றி எரிவது போலிருக்கும். அங்கே இலைகள் விழப்போகும்போது சிவக்கும் என்று போனில் சொன்னீர். இங்கே பிறக்கும்போதே சிவப்பு. அடுத்த கடிதத்தில் இன்னும் எழுதுகிறேன். குளிருக்குச் சப்பாத்து வாங்கினீரா?

உம்முடைய,
கஜீவன்

யூனியன்வில்
3 ஐப்பசி 2025

கஜீவனுக்கு,

மறுபடியும் மறுத்துவிட்டார்கள். "கடிதங்கள் பெரும்பாலும் ஒரு மரத்தைப் பற்றியவை. கணவன் மனைவிக்கிடையிலான நெருக்கம் தெரியவில்லை" என்று காரணம் காட்டியிருக்கிறார்கள். பிரம்ரனிலிருந்து வந்த அண்ணா அதை வாசித்துவிட்டு, "உவன் உனக்கெண்டு ஒரு வரி எழுதேல்லையோ?" என்று கேட்டார்.

எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. பிள்ளை வேண்டுமென்றால் இனிக் காத்திருக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்பீல் முடிய இரண்டு வருடமாகுமாம். நேற்று உங்கள் கடிதங்களை அந்த அதிகாரியைப் போல இருந்து வாசித்துப் பார்த்தேன். அவற்றில் என்னை எனக்கும் காணக்கிடைக்கவில்லை.

அப்பீல் வேண்டாமென்று சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டேன். இனிப் போன் எடுக்காதீர்கள்.

பிரதீபா

மரொண்டெரா
19 ஐப்பசி 2025

என் பிரதீபா,

போன் அடிக்கிறது, நீர் எடுக்கவில்லை.

வேறு ஆட்கள் வாசிப்பார்கள் என்று தெரிந்தபிறகு உம்மைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. மரத்தைப் பற்றி எவருக்கு முன்னாலும் எழுதலாம். இந்தக் கடிதத்தை ஒருவரும் கோப்பில் வைக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். கொழும்பில் ஈரத் தலையோடு ஜன்னலடியில் நின்று, "அங்கை என்ரை கட்டிலிலை ரெண்டு தலைகாணி கிடக்கு. ஒண்டு சும்மா கிடக்கு" என்றீர். அதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் படுக்கிறேன். கிடைத்தது என்று ஒரு சொல் எழுதும்.

கஜீவன்

மரொண்டெரா
11 தை 2026

பிரதீபா,

போன கடிதம் திரும்பி வந்தது. பிரிக்கப்படவில்லை. உறையில் 'இந்த விலாசத்தில் இல்லை' என்று எழுதியிருக்கிறது.

அது உம்முடைய கையெழுத்து.

இதையும் அதே விலாசத்துக்குத்தான் போடுகிறேன்.

கஜீவன்