தாடி விட்ட முகத்துக்கு

என் செல்லத் தம்பி ஜெரால்டுக்கு,

என் மகள் பாப்பா நன்றாக இருக்கிறாள். நீ முதலில் இதைத்தான் கேட்பாய். காய்ச்சல் விட்டு, மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். இந்த நல்ல செய்தியை உனக்கு எழுதும்போது அழுகைதான் வருகிறது.

அவள் பிழைத்தால் வேளாங்கண்ணியில் முடி கொடுப்பதாக நேர்ந்துகொண்டு, தாடியையும் சேர்த்து வளர்த்தாய். அன்னூர்ப் பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கில் அமோனியா விஷவாயு கசிந்தால் உள்ளே போய் அடைக்கிற ஆள் நீ. உடை, கையுறை, முகமூடி, முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினார்கள். உன் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தாடி இருந்தால் முகமூடி தோலோடு ஒட்டாதாம். அன்று கசிவை அடைக்கப் போனபோது அந்த இடுக்கு வழியாகக் காற்று வீணாகி, நீ வெளியே வருவதற்குள் தீர்ந்துபோயிற்று.

சூப்பர்வைசர் என்ன சொன்னார் தெரியுமா? "சாமிக்கு உட்ட தாடிங்க அம்மணி. எடுங்கன்னு எந்த வாயில சொல்றதுங்க?" அவரைத் திட்டவும் முடியவில்லை. நம் ஊரில் வேறு யார்தான் சொல்லியிருப்பார்கள்?

நீ போன பிறகு அம்மாவுக்கு நான்தான் மிச்சம் என்று, எனக்கு அங்கேயே ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். போன வாரம் புது முகமூடி தேர்ந்தெடுக்க என்னையும் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் மாட்டிப் பார்த்தால்தான் ஆச்சு என்று பிடிவாதம் பிடித்தேன். எல்லோருக்கும் பொருந்தியது. உன் இடத்துக்கு வந்திருக்கும் சுந்தரத்துக்கு மட்டும் பொருந்தவில்லை. சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி விட்டிருக்கிறார்.

"மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் உள்ள போகாதீங்க சாமி," என்றேன்.

"கசிஞ்சா வேற ஆருங்கக்கா போவாங்க? ஐயப்பன் பாத்துக்குவாருங்க," என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். நீயும் மாதாவைச் சொல்லி இப்படித்தான் சிரித்தாய்.

மாதாவிடம் இனி நான் என்ன கேட்பது? பாப்பாவுக்காக நன்றி சொல்வதா, உனக்காகச் சண்டை போடுவதா? கோயிலுக்குப் போனால் மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றிவிட்டு வருகிறேன்.

சுந்தரத்தின் முகமூடியை என் மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். தாடியை எடுக்கும்வரை தர மாட்டேன். சாமி குற்றமென்று ஏசினாலும் சரி, வேலை போனாலும் சரி. முகமூடி இல்லாமலே உள்ளே ஓடிவிடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது. அப்படி ஓடினால் வாசலில் குறுக்கே விழுந்தாவது தடுப்பேன். உன்னைத்தான் யாரும் தடுக்கவில்லையே தம்பி.

நீ உயிர் கொடுத்த பாப்பாவின் அம்மா,
உன் அக்கா ஸ்டெல்லா