பழகின கை என்கிறார்கள், அம்மா

என் அம்மாவுக்கு,

இத்தனை வருஷத்தில் நீ ஒரு நாளாவது முழுசாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. அங்கேயாவது உன்னை யாரும் எழுப்பாமல் இருக்கட்டும். நான் மட்டும் இப்போது எழுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அத்தை ஹாலில் படுத்திருக்கிறது. லைட் போட்டால் எழுந்துவிடும். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும்.

எனக்கு பயமாக இருக்கிறது அம்மா. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை எனக்குப் பூ வைக்க வருகிறார்கள்.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ போன அன்றைக்கே எல்லாம் ஆரம்பித்துவிட்டது. உன்னை வைத்திருந்த ஐஸ் பெட்டி ஓயாமல் உறுமிக்கொண்டே இருந்தது. அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றான். பொறுக்க முடியாமல் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். சித்தப்பா எல்லோருக்கும் முன்னால் அவனை அறைந்தார். அவன் அழவில்லை. பெத்தவ செத்துக் கெடக்கறா, இதுக்குக் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலையே என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம் பல நாள் அவன் நீ பிசைந்து வைக்கும் கிண்ணத்தில் தவிர வேறு எதிலும் சாப்பிடவில்லை. அதை அழுகை என்று யார் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்?

உனக்குத் தெரியாததா. அவனுக்கு ஒவ்வொரு வயசிலும் நம் சனம் ஒரு நம்பிக்கை வைத்திருந்தது. மொட்டை போட்டால் பேச்சு வரும். ஸ்கூலில் சேர்த்தால் சரியாகும். மீசை முளைத்தால் தானாகப் பொறுப்பு வரும். பெரிய ஆஸ்பத்திரியில் ஆட்டிசம் என்று சொல்லி, இது நோய் இல்லை, இவன் இப்படித்தான் இருப்பான், நீங்கள்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் விளக்கியபோது, திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இப்போது அவனுக்கு இருபத்து மூன்று. மிச்சம் இருப்பது ஒரே ஒரு நம்பிக்கைதான். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்.

சரியாகாது என்று அத்தைக்கும் தெரியும். அத்தைக்கு வேண்டியது சமைத்துப் போட ஒரு ஆள். அண்ணன் ப்ளாட்டுப் பக்கம் போனால் பின்னாலேயே நடக்க ஒரு ஆள். நம் நிலத்துக்கு மேற்கே இருந்த வயல் எல்லாம் இப்போது மனைதான் அம்மா. அவன் சாயங்காலம் ஆனால் போய், மஞ்சள் அடித்த கல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடக்கிறான். மனை வாங்கினவர்கள் யாராவது பார்த்தால் கத்துகிறார்கள். நீ இருந்தவரை பின்னால் நடந்தாய். இப்போது நான் நடக்கிறேன். அதனால் டியூஷனை விட்டாயிற்று.

கரையாம்புத்தூரில் அத்தை ஒரு இடம் பிடித்தது. பெண் பெயர் ரம்யா, கம்பெனி வேலைக்குப் போகிறாள். அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டும். ரம்யாவை அண்ணனுக்குக் கொடுத்தால், அவள் தம்பி தினேஷுக்கு என்னைக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாவது பரீட்சை முடியட்டும், பதினெட்டும் ஆகிவிடும், இப்போதைக்குப் பூ மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்துவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அத்தை சொல்லித்தான் தெரியும், அதுவும் வெங்காயம் உரித்துக்கொண்டே.

நாங்கள் பெண் பார்க்கப் போனபோது அண்ணனைக் கூட்டிப்போகவில்லை. மாப்பிள்ளைக்குக் கரும்பு வெட்டு, வர முடியவில்லை என்று அத்தை சொன்னது. அந்த தினேஷும் அங்கே இல்லை. வெளியூர் போயிருக்கிறான் என்றார்கள். ரம்யா எனக்குக் காபி கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நானும் அவள் முகத்தையே பார்த்தேன். அவளுக்கு அண்ணனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுப் பெரியவர்கள் நம் வீடு பார்க்க வந்தார்கள். அதற்கு முன்னால் அத்தை அண்ணனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது. பேரு இன்னா, இன்னா படிச்சிருக்க, இன்னா வேல பாக்குற. அவன் அச்சுப் பிசகாமல் சொல்வான் அம்மா, ஆனால் கேள்வியையும் சேர்த்துச் சொல்வான், அத்தையின் குரலிலேயே. "பேரு இன்னா, அருண்குமார்" என்பான். கேள்வியை விடுடா, பதில மட்டும் சொல்லுடா என்று அத்தை தொடையில் கிள்ளிக் கிள்ளி, கடைசியில் அதையும் பழக்கிவிட்டது. காலர் குத்தும் புதுச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். நீ இருந்தால் முதலில் அந்த லேபிளைப் பிரித்திருப்பாய்.

கேட்டது எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். அத்தை முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் ரம்யாவின் அப்பா, சொல்லிக்கொடுக்காத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"இன்னாப்பா, கல்யாணம் கட்டிக்கிறியா?"

"வாணா."

அண்ணன் சட்டைக் காலரை இழுத்துக்கொண்டே மறுபடியும் வாணா, வாணா என்றான். சாதம் போதும் என்று சொல்வானே, அதே மாதிரி நிதானமாக. அத்தை சிரித்தது.

"பாரு, புள்ளைக்கு வெக்கத்த."

உடனே எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இத்தனை வருஷமாக அவன் வாய் திறந்து ஒரு பதில் சொல்ல மாட்டானா என்று காத்திருந்த சனம் அம்மா. அன்றைக்கு அவன் சொன்னான். அதையும் வெட்கம் என்று மடித்து வைத்துவிட்டார்கள்.

நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ரம்யாவின் அம்மா தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று தோன்றியது. எங்க அண்ணனுக்கு ஆட்டிசம், யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ரம்யாக்கா பாவம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் பதறவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும் கண்ணு. தெரிஞ்சிதான் குடுக்குறோம். என் புள்ளையும் இதே மாதிரிதான். உங்க அத்த சொல்லலியா?"

அவர் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டே இருந்தார்.

"வெளிய பொண்ணு எடுத்தா ஒரு மாசம் தாங்குமா? நீயும் அண்ணன வெச்சிப் பாத்தவ, எம்பொண்ணும் தம்பிய வெச்சிப் பாத்தவ. ரெண்டும் பழகின கை. நாங்க கண்ண மூடனா அதுங்களுக்கு யாரு இருக்கா சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை அம்மா. அதுதான் எனக்கு ரொம்ப பயம். கண் கலங்கி, உன் மாதிரியே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவரும் ஒரு நாளும் தூங்கினதில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இன்றைக்குச் சாயங்காலம் அப்பாவின் போனுக்கு ரம்யா கூப்பிட்டாள். அப்பா மாட்டுக் கொட்டகையில் இருந்தார். நான் எடுத்தேன். உன் அண்ணனைப் பற்றி எங்கம்மா நேற்றுதான் சொன்னார்கள் என்றாள். உங்க தம்பியைப் பற்றி எனக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும் என்றேன். கல்யாணம் ஆனால் இந்த வீட்டை விட்டுப் போகலாம், வேலைக்குப் போகலாம், ஒரு இரவாவது தூங்கலாம் என்றுதான் சரி சொன்னாளாம்.

அப்புறம் என்ன பேசினோம் தெரியுமா? தினேஷுக்கு முட்டை வாசனை ஆகாது, குக்கர் விசில் வந்தால் வெளியே ஓடிவிடுவான், அப்போது கையைப் பிடிக்காதே, கடிப்பான், பக்கத்தில் மட்டும் நில் என்று அவள் சொன்னாள். நானும் அண்ணன் தூங்கும்போதுதான் முடி வெட்ட வேண்டும், சாதமும் மோரும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும், கல்லைத் தொட்டு முடிக்கும் முன்னால் கூப்பிடக் கூடாது என்று சொன்னேன். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இன்னா பவி பண்ணிக்கினு இருக்கோம் நாம?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பெரியவர்கள் வெள்ளிக்கிழமை செய்யப்போவதை நாங்களே போனில் செய்துகொண்டிருந்தோம். பின்னால் அவள் அம்மா கூப்பிடும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டாள். அவள் என்ன முடிவு செய்வாள் என்று எனக்குத் தெரியாது.

நான் வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ரம்யா அவள் வீட்டிலேயே கிடப்பாள், நான் இந்த வீட்டிலேயே கிடப்பேன். சரி என்றால் இரண்டு பேரும் வீடு மாறிக்கொள்வோம், அவ்வளவுதான். எந்தப் பக்கம் போனாலும் வேலை ஒன்றுதான். இதில் அண்ணனை யார் கேட்டார்கள்? நாளைக்கே யாரோ ஒரு பெண் வந்து அவன் கிண்ணத்தைத் தொடுவாள். அவனுக்கு அது எப்படி இருக்கும்?

அப்பாவிடம் நேற்று மெல்ல ஆரம்பித்தேன். முழுசாகச் சொல்ல விடவில்லை. "நான் போய்ட்டா இவன யாருடி பாப்பா?" என்று கேட்டுவிட்டு அவரே வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பதில் உனக்குத் தெரிந்திருந்ததா அம்மா?

இன்னொன்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நீ அண்ணன் கையை எடுத்து என் கையில் வைத்து, இவனை உன்னிடம் விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னதாக அத்தை ஊர் முழுக்கச் சொல்கிறது. அப்பாவும் அதை நம்புகிறார். எனக்கு ஞாபகம் இருப்பது அது இல்லை. ஃபேனைக் குறைக்கச் சொன்னாய். யூனிஃபார்ம் காய்ந்துவிட்டதா என்று கேட்டாய். நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் சொன்னாயா? என் காதில் விழவே இல்லையே. சொல்லாமலேயே நான் செய்வேன் என்று நினைத்திருந்தாயா? உன்னிடமாவது ஒரு நாள் யாராவது, உனக்கு முடியுமா என்று கேட்டிருக்கிறார்களா?

அத்தை புரண்டு படுக்கிறது. சீக்கிரம் முடிக்கிறேன்.

நாளைக்குக் காலையில் அப்பா வயலுக்குக் கிளம்பும் முன்னால் நேராகச் சொல்லிவிடப் போகிறேன். எனக்கு வேண்டாம், அண்ணனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான், நீங்களும்தான் கேட்டீர்கள் என்று. அடித்தாலும் சொல்வேன். கேட்கவில்லை என்றால் ஸ்கூலில் கிளாஸ் டீச்சரிடம் சொல்வேன். அவர் போலீசுக்குப் போவாரோ, அப்பாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்வேன். ஸ்பெஷல் ஸ்கூலோ, பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் இடமோ எங்கேயாவது இருக்கிறதா என்றும் டீச்சரிடமே கேட்பேன். இருக்கிறதோ இல்லையோ, நம் வீட்டில் யாரும் இதுவரை கேட்டதுகூட இல்லை.

உனக்கு ஒன்று சத்தியம் பண்ணித் தருகிறேன். அவனைக் கட்டி வைக்கவோ பூட்டி வைக்கவோ நான் இருக்கும்வரை விடமாட்டேன். அவனைப் பற்றி யாரிடமும் பொய் சொல்ல மாட்டேன். சாகிறவரை அவனுக்குத் தங்கச்சியாக இருப்பேன் அம்மா. அம்மாவாக இருப்பேன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கு நீ ஒருத்திதான் இருந்தாய்.

உன் மகள், அருணின் தங்கச்சி,
பவித்ரா